இரண்டு பக்கவாத்தியங்கள்

மேட்டூர் அணை பதினோரு அடி உயர்ந்தது நானும் மார்வுட் துரைசானியும் ஒரே ஒரு பாட்டை வாசித்துப் பழகிய காலத்தில்தான். பாட்டு பெரியதல்ல. காகிதத்தில் ஒன்றரைப் பக்கம். துரைசானி தனியாக வாசித்தால், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போடுவதற்குள் முடிந்துவிடும். நாங்கள் இருவரும் சேர்ந்து புரட்டாசியில் ஆரம்பித்தோம். மார்கழி பிறந்தும் மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. அணைக்கட்டில் கல் சுமந்தவர்கள் எங்களைவிட வேகமாக வேலை செய்தார்கள் என்பதில் எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்கு மேஸ்திரி இருந்தார்.

எனக்கு ஊர் ராசிபுரம், பெயர் கந்தவேல். தறிக்காரர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்காராமல் பிடில் கற்றுக்கொண்டவன். பாட்டுக் கண்ணுசாமிக்கு ஒன்பது வருஷம் பக்கவாத்தியம் வாசித்தேன். பாடுகிறவர் ஒரு சங்கதி போட்டால் அதை அப்படியே, ஒரு மூச்சு பின்னால், பிடிலில் போட வேண்டும். அவர் ஏறினால் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். முன்னால் மட்டும் போகக் கூடாது. இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். கண்ணுசாமி இருமினால் அந்த இருமலையும் அதே சுருதியில் வாசித்துவிடுவேன். ஒரு கச்சேரியில் அவர் கொட்டாவி விட்டதை நான் வாசித்தபோது முன்வரிசை முழுவதும் தூங்கிவிட்டது.

வினை நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் வந்தது. முகூர்த்தம் முடிந்து கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, சரணத்தின் நடுவில் கண்ணுசாமிக்கு அடுத்த வரி மறந்துபோய்விட்டது. நின்றார். நானும் நின்றேன். அவர் வாயைத் திறந்தபடி. நான் வில்லைத் தூக்கியபடி. மிருதங்கக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னவென்று பார்க்க வந்தார். பந்தல் காலில் கட்டியிருந்த வாழைக்குலை அதற்குள் பழுத்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. கண்ணுசாமிக்கு வரி ஞாபகம் வந்தது, பாடினார். நானும் வாசித்தேன்.

பெண்கள் பக்கத்தில் என் சம்சாரம் சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த ஒருத்தி அவளிடம், "ஏஞ் சௌந்திரம், உங்க ஊட்டுக்காரரு சாவி குடுத்தாத்தான் ஓடுவாராட்ட இருக்குது?" என்று கேட்டிருக்கிறாள். சுற்றிலும் சிரிப்பு. திரும்பி வருகிற வண்டியில் சௌந்திரம் ஆரம்பித்தாள்.

"பாட்டுக்காரரு மறந்துட்டாரு, சேரி. உங்களுக்கு அந்தப் பாட்டு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க வில்லத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க, காக்கா ஓட்டறவராட்ட?"

"அவரு போகாத எடத்துக்கு நான் எப்பிடிப் போறது?"

"அவரு கெணத்துல உழுந்தா?"

நன்றாக யோசித்தேன். "ஒரு மூச்சு விட்டுத்தான் உழுவேன்" என்றேன்.

தொழிலுக்கு இது சரியான பதில். சௌந்திரம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே துணி மூட்டையோடு, இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் அப்பா கைலாசம் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது வாசலில் நின்று சொன்னாள்: "ஒரு பாட்டு. நீங்களா ஆரம்பிச்சு நீங்களா முடிக்கோணும். அத என்ற காதால நான் கேக்கோணும். அன்னிக்கு ஊட்டுக்கு வாரேன்."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். அன்று மத்தியானமே பிடிலை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவர் ஆரம்பிக்கவில்லை. ஆகவே நானும் ஆரம்பிக்கவில்லை. நான்கு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் எதிர்வீட்டுக் கழுதை கத்தியது, கொஞ்சம் வாசித்தேன்.

இந்த நிலைமையில்தான் செல்லியம்மாள் வந்தாள். மேட்டூரில் அணை கட்டுகிற மார்வுட் துரை வீட்டில் அவள் ஆயா. நாமகிரிப்பேட்டைக் கல்யாணத்தில் என் மௌனத்தை நேரில் கேட்டவள்.

"எங்க தொரைசானியம்மா பிடிலுக்கு ஆளு தேடறாங்க, சாமி. கூட வாசிச்சுக்கிட்டிருந்த தொரை மாத்தலாகிப் போயிட்டாரு. கிறிஸ்மஸுக்கு ஊட்டுல பத்துப் பாஞ்சு தொரைமாரு வாராங்களாம், வாசிச்சே ஆகோணும்ங்கறாங்க."

"பாடறது யாரு?"

"அங்க பாட்டுக்காரனே கெடையாதுங்க. பொட்டி அடில கொட்டும், பிடிலுதான் மேல பாடும்."

பாட்டுக்காரனே இல்லாத பாட்டு! பிடில்தான் முன்னால்! கிறிஸ்துமஸ் அன்று சௌந்திரத்தைக் கூட்டிவந்து ஜன்னலருகே நிறுத்திவிட்டால் போதும். அன்றே சேலம் போய் ரயில் பிடித்தேன்.

அந்தப் பெட்டிதான் பியானோ. மேட்டூருக்கு ரயில் வருவதற்கு முன்பே ஆறு ஜோடி மாடு பூட்டி அதைக் கொண்டுவந்தார்களாம். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அது தானாக ஒரு பாட்டுப் பாடியிருக்கிறது. மாடுகளுக்கு அது பழகிவிட்டது. பிறகு அந்தப் பன்னிரண்டு மாடுகளும் யாராவது பாடினால்தான் உழும். கரையான் ஏறாமலிருக்கப் பியானோவின் கால்களைத் தண்ணீர் டப்பாக்களில் நிறுத்தியிருந்தார்கள். வெயிலுக்குக் கம்பிகள் தளரும். காலை எட்டு மணிக்குச் சிரித்த பாட்டு பன்னிரண்டு மணிக்கு அழுதது. நான் அதன் பின்னாலேயே என் பிடிலைத் தளர்த்திக்கொண்டு போனேன். அது எனக்குக் கைவந்த வேலை.

துரைசானியிடம் பன்னிரண்டு பாட்டுகள் கொண்ட புஸ்தகம் ஒன்று இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனிக்காரர் ஒருவர் பியானோவுக்காக மட்டும் எழுதிய சின்னச் சின்னப் பாட்டுகள். ஒன்று, தபாலில் போடாத கடிதத்தைப் பற்றி. ஒன்று, பனியில் நிற்கிற மரத்தைப் பற்றி. ஒன்று, தூக்கம் வந்து கண்ணைக் கசக்குகிற குழந்தையைப் பற்றி. வார்த்தை எதுவும் கிடையாது. கேட்கிறவர்களே தெரிந்துகொள்ள வேண்டுமாம். பிற்பாடு யாரோ ஒருவர், மேலே பாடுகிற பகுதியைப் பியானோவிடமிருந்து பிடுங்கிப் பிடிலுக்குக் கொடுத்து, அடியில் கொட்டுவதை மட்டும் பியானோவுக்கு விட்டுவைத்து எழுதியிருக்கிறார். பாகப்பிரிவினை மாதிரிதான். துரைசானிக்கு அந்த மனஸ்தாபம் உள்ளுக்குள் இருந்தது.

குழந்தைப் பாட்டை எடுத்துக்கொண்டோம். துரைசானி மேல்பகுதியை ஒற்றை விரலால் தட்டிக் காட்ட, நான் ஸரிகமவில் எழுதிக்கொண்டேன். சங்கராபரணம் மாதிரி ஒழுங்காகப் புறப்பட்டது. இரண்டாம் வரியில் சம்பந்தமில்லாத ஒரு ஸ்வரம், வேலி தாண்டிய ஆடு போல உள்ளே வந்து நின்றது. அதை விரட்டிவிடலாமா என்று கேட்டேன். செல்லியம்மாள் துரைசானியிடம் விசாரித்துவிட்டு, "அது அவங்க ஆடுதானுங்களாம், இருக்கட்டுங்கறாங்க" என்றாள்.

பிடிலைத் தாடையில் இடுக்கிக்கொண்டு நின்று வாசிக்கச் சொன்னார் துரைசானி. முயன்றேன். பிடில் இரண்டு முறையும் நான் ஒரு முறையும் விழுந்தோம். பிறகு பியானோவின் பக்கத்தில் ஜமக்காளம் விரித்தார்கள். நம் வழக்கப்படி சம்மணம் போட்டு, பிடிலின் தலையைக் குதிகாலில் ஊன்றி உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் துரைசானியின் முகம் தெரியாது, கை தெரியாது. பியானோவுக்கு அடியில் பித்தளை மிதி ஒன்று உண்டு. அதன்மேல் அவருடைய கறுப்புப் பூட்ஸ் மட்டும் தெரியும்.

இனிமேல்தான் சங்கடம். அவர்கள் ஊர் வழக்கத்தில் பியானோக்காரர் பிடிலுக்கு வழிவிட வேண்டும். பிடில் ஓரிடத்தில் நின்று ரசித்தால், பியானோவும் நின்று காத்திருக்க வேண்டும், அதுதான் மரியாதை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆக, துரைசானி எனக்காகக் கொஞ்சம் நின்றார். அவர் நின்றதைப் பார்த்து நான் நின்றேன். நான் நிற்கிறேனே என்று அவர் இன்னும் நின்றார். குழந்தை கண்ணில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"ஏஞ் சாமி நிக்கறீங்கன்னு அம்மா கேக்கறாங்க" என்றாள் செல்லியம்மாள்.

"அவங்க நின்னாங்க, நான் நின்னேன்."

அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "நீங்க நின்னதாலதான் அவங்க நின்னாங்களாம்."

"நான் நின்னதே அவங்க நின்னதாலதானுங்கக்கா."

"இத எத்தன தடவ நானு இங்கிலீசுல சொல்றது? எனக்கு வாரதே இருவது வார்த்த. அதுல பாதி சோறு, கறி."

மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும். நான் மனதுக்குள் ஆயிரம் தடவை சபதம் செய்தேன்: இன்றைக்கு அவர் நின்றால் நிற்கட்டும், நான் போகிறேன். பூட்ஸ் நிற்கும். என் வில்லும் நிற்கும். பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் இரண்டு ஆடிவிட்டன. ஒரு நாள் காவிரிக்கரைக்குப் போய், கையில் கிடைத்த கல்லையெல்லாம் ஆற்றில் எறிந்தேன். அணை வேலைக்காகக் குவித்த கல் என்று யாரோ வந்து சத்தம் போட்டார்கள்.

துரைசானி என்னைவிட மோசம். கார்த்திகையில் ஒரு நாள் பியானோவின் மூடியை ஓங்கிச் சாத்திவிட்டு ஏதோ ஒரே வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரிஞ்ச இருவதுல ஒண்ணுதான்" என்றாள் செல்லியம்மாள். "ஆனா சொல்ல மாட்டேன்."

அதன் பிறகு துரைசானி மெதுவாக, கிட்டத்தட்ட அழுகிற குரலில் நிறையப் பேசினார். செல்லியம்மாள் எனக்குச் சுருக்கிச் சொன்னாள்: "முன்னால அந்தப் பாட்ட முச்சூடும் அவங்களே வாசிச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தாங்களாம். இப்பப் பாதிய உங்களுக்குக் குடுத்துட்டு, உங்களுக்குக் காவல் ஒக்காந்திருக்கறாங்களாம்."

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அந்தப் பரிதாபத்தில் மறுநாள் இன்னும் மெதுவாக வாசித்தேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குத் துரை வீட்டுக் கூடத்தில் துரைமார்கள் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தார்கள். வெளியே வராந்தாவில், ஜன்னலுக்கு நேராகச் சௌந்திரமும் மாமனார் கைலாசமும் நின்றார்கள். நான் கடிதம் எழுதி வரவழைத்திருந்தேன். சௌந்திரம் கையைக் கட்டிக்கொண்டு, சாயம் போகுமா என்று நூலைச் சோதிக்கிறவள் போல என்னைப் பார்த்தாள்.

உட்காரப் போகிற நேரத்தில் செல்லியம்மாள் என் காதருகே குனிந்தாள். "சாமி, அந்தம்மா நின்னாலும் சேரி, நடந்தாலும் சேரி, நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருங்க. அவங்க பின்னால வந்துருவாங்க. நாஞ் சொல்லி வெச்சிருக்கறேன்." எனக்கு உயிர் வந்தது. அவள் இதே புத்தியைத் துரைசானிக்கும் சொல்லியிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான சொன்னேன்? வஞ்சகமில்லீங்க" என்றாள் பிற்பாடு.

வில்லை எடுத்தேன். கண் தானாகக் கீழே போயிற்று. பூட்ஸ் மிதியை அழுத்தியது. கை கிளம்பிவிட்டது.

நான் நிற்கவில்லை. துரைசானியும் நிற்கவில்லை. நான் நிற்காததைக் கண்டு அவர் தன்னை நான் முந்தக் கூடாதென்று விரட்டினார். அவர் விரட்டுவதைக் கண்டு நானும் விரட்டினேன். மூன்று மாதமாகத் தாண்டாத மூன்றாவது வரியை எப்போது தாண்டினோம் என்றே எனக்குத் தெரியாது. கண்ணைக் கசக்கிய குழந்தை தொட்டிலிலிருந்து குதித்துச் சேலம் ரோட்டில் ஓடியது. பியானோ கால்களுக்குக் கீழே டப்பாத் தண்ணீரில் அலை அடித்தது. வழியிலிருந்த ஆட்டை இடித்துத் தள்ளினோம். என் பகுதியை முடித்து வில்லை எடுத்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு நாலே நாலு கொட்டு துரைசானிக்கு இருந்தது. அப்படித்தான் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது. அவர் அதையும் அடித்து முடித்தார். துரைமார்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், நரி வேட்டைப் பாட்டு பிரமாதம் என்றாராம்.

வராந்தாவுக்கு ஓடினேன். "கேட்டியா?" என்றேன்.

"நல்லாத்தானே இருந்துச்சு, புள்ள" என்றார் கைலாசம். "மாப்பளெ வேர்த்துக் கொட்டிப் போயிட்டாரு பாரு."

சௌந்திரம் அவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கப்பா, தறீல நீங்க மிதி மிதிக்காம நூல இழுத்துக்கிட்டு நாடா ஓடுமா?"

"அதெப்பிடி ஓடும்?"

"அந்தம்மா காலு மிதிச்சப்பறந்தான் இவரு வில்லு கெளம்புச்சு. நாம் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கடைசீல இவரு நிறுத்தினப்பறம் நாலு கொட்டுக் கொட்டி முடிச்சதும் அந்தம்மாதான்." பிறகு என்னைக் கேட்டாள்: "அவங்க காலப் பாத்தீங்களா, இல்லீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

நான் உண்மை பேசுவது அபூர்வம். பேசியபோதெல்லாம் நஷ்டம்தான். இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்து போய்விட்டார்கள். தறிக்காரர் வீட்டில் பெண்ணெடுத்தால் காலைத்தான் பார்ப்பாள் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

தை பிறந்ததும் ராசிபுரம் திரும்பினேன். ஒரு நாள் காலை, வெயில் ஏறுகிற நேரத்தில், பிடிலை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனேன். அவர் தறிக்குழியில் இருந்தார். சௌந்திரம் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா, தறிய நிறுத்துங்க" என்றேன்.

"எதுக்குங்க மாப்பளெ?"

"அது ஓடினா நான் அதும் பின்னால போயிருவேன்."

நிறுத்தினார். ஆனால் அடுத்த வீட்டுத் தறி கேட்டது, அதற்கடுத்த வீட்டுத் தறியும் கேட்டது. கைலாசம் எழுந்து போய் விஷயத்தைச் சொன்னார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் தெருவில் நாற்பது தறியும் நின்றன. சௌந்திரம் ராட்டையிலிருந்து கையை எடுத்தாள். ராசிபுரத்தில் அவ்வளவு அமைதியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு செவிட்டுக் கிழவர் என்ன சத்தம் என்று எழுந்து வந்தார்.

கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் ஆரம்பிக்கவில்லை. பூட்ஸ் இல்லை, கண்ணுசாமி இல்லை, கழுதைகூட இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் ஒருவன், "கச்சேரி முடிஞ்சு போச்சாட்ட இருக்குது" என்றான். எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. அவன் மேல் அல்ல. ஒன்பது வருஷமாக ஒரு மூச்சு தள்ளியே நிற்கிற இந்தக் கை மேல். அந்த ஆத்திரத்தில் வில்லை ஓங்கிக் கம்பியில் போட்டேன். அது குழந்தைப் பாட்டின் முதல் ஸ்வரம்.

வேகமாகவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஆடு வந்தது, வரட்டும் என்று விட்டேன். மூன்றாவது வரி வந்தது, போயிற்று. என் பகுதி முடிகிற இடத்தில் வந்து நின்றேன். அதற்கு மேல் துரைசானியின் நாலு கொட்டு. பாட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் சௌந்திரம்.

"இல்ல. இனிமே அவங்களது."

"அவங்க எங்க?"

"மேட்டூர்ல."

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். நானே முடித்தாக வேண்டும். ஜெர்மனிக்காரர் எப்படி முடிப்பார் என்று எனக்குத் தெரியாது. நம் ஆட்கள் முடிக்கிறபடி ஒரு தீர்மானம் வைத்தேன். ஒரே வரிசையை மூன்று தரம் வாசித்து மூன்றாம் தரம் ஷட்ஜத்தில் வந்து இறங்குவது. அழகாக இறங்கியது. அங்கே நிறுத்த வேண்டும். ஆனால் வாழ்நாளில் நான் முதலில் நிறுத்தியதே இல்லை. கை, யார் நிறுத்தினார் என்று பார்த்தது. யாரும் நிறுத்தவில்லை. இன்னொரு மூன்று போட்டது. அப்புறம் ஒன்பது. வாசலில் நின்றவர்கள் ரசித்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள், பிறகு போனார்கள். தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. கைலாசம் இரண்டு முழம் நெய்துவிட்டார். தெருவில் காயப் போட்ட சாய நூல் காய்ந்துவிட்டது, எடுத்தார்கள். எனக்குத் தோள் கழன்று விழுகிற மாதிரி வலி. கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்துகிற வழிதான் தெரியவில்லை. எண்பத்தோராவது தீர்மானத்திலோ என்னவோ சௌந்திரம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதுமுங்க. வாரேன். நிறுத்துங்க."

அந்தக் கணமே நிறுத்தினேன்.

அவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டாள். இரண்டு தெருதான் தூரம். நடக்கும்போதே எனக்குள் கணக்கு ஓடியது. ஆரம்பித்தது நான், அதில் சந்தேகமில்லை. முடித்தது யார்? நானா, மணிக்கட்டைப் பிடித்தவளா? நிபந்தனை நிறைவேறியதா, இல்லையா? தொழில் நாணயம் உள்ளவன் இதை உடனே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவள் மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "ஊட்டுல அரிசி இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். இல்லை.